பதினெட்டுச் சோளக்கட்டைப் பேனா

குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைசல் மெஷினான லேத்திலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சாமானையும் வெர்னியர் வைத்து அளந்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்துப் போடுவேன். தேசப்பன் வருகிறான் என்றாலே ஆபரேட்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொள்ளட்டும். அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க என்னை வேலைக்கு வைக்கவில்லை.

லேத் ஓட்டுகிற டர்னர்களில் என்னிடம் முகம் திருப்பாதவன் தானியேல் ஒருவன்தான். அவனுடைய வேலையில் நான் குறை கண்டுபிடித்தது மொத்தமாக நாலு தடவையோ ஐந்து தடவையோதான். அதையும் அவன் மறுத்துப் பேசியதில்லை. ஏரிக்கரைத் தெருவில் அவன் வீடும் என் வீடும் ஒரே சுவர். அவன் வீட்டில் என்ன குழம்பு என்று என் வீட்டில் தெரியும். கருவாடு என்றால் தெருவுக்கே தெரியும்.

போன ஆடி மாதம், முதல் ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த சாமானைக் காட்டன் வேஸ்ட்டால் துடைக்கப் போனான். பஞ்சு சுற்றிக்கொண்டது. பஞ்சோடு கையும் போனது. இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றுவிட்டது. எத்தனை வருஷ டர்னர், புதுசாக வந்தவன் செய்கிற தப்பைச் செய்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

காயம் ஆறிவிட்டது. கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. கையைக் காட்டி, "இதை வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்களும் நம்பினோம். கார்த்திகையில் மழை கொட்டிய ஒரு காலையில் அவன் மனைவி செண்பகம் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் அம்மிக்கல் கேட்டாள்.

"மிக்சி ரிப்பேரா?" என்றேன்.

"மிக்சி நல்லாதாண்ணா கீது. போட்டா அவரு எழுந்து வெளிய போய்டுறாரு. தோ பாருங்க, இந்த மழையில கொடகூட இல்லாம போய் நிக்கறாரு." வாசலைக் காட்டினாள். தெருமுனையில் வேப்பமரத்தடியில் தானியேல் நனைந்துகொண்டு நின்றான். "கம்பெனிக்குப் போலன்னு நெனைக்கிறீங்களா? போனாருண்ணா. கேட்டு வரிக்கும் போயிருக்காரு. உள்ள மெஷினு ஓடற சத்தம் கேட்டுச்சாம், அப்டியே திரும்பி வந்துட்டாரு. கை இல்லண்ணா காரணம். பயம்ண்ணா. அத்த வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாரு. கையக் காட்டிக்கினே கீறாரு."

கூடவே வேலை செய்தவன், பக்கத்துச் சுவர்க்காரன், எனக்குத் தெரியவில்லை. அளவுக் கருவியில் தெரிகிற குறையாக இருந்தால் பார்த்திருப்பேன்.

செண்பகத்துக்குச் சோளக்கதிர் வியாபாரம். தள்ளுவண்டியில் பெரிய அலுமினிய டபராவில் கதிரை வேகவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவி எஸ்டேட் வாசலில் விற்பாள். காலையில் ஷிப்ட் மாறும்போது ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. ஒரே பெண் ஜெபாவைப் பொன்னேரியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தானியேல் பகல் முழுக்க உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பான். அதுவும் கடைசல் வேலை வீடியோக்களாகவே தேடித் தேடிப் பார்ப்பான், சத்தத்தை நிறுத்திவிட்டு.

அப்படித்தான் ஒருநாள், எந்த நாட்டுக்காரனோ, முத்து உதிர்த்த சோளக்கட்டையை லேத்தில் மாட்டிப் பேனா கடைவதைப் பார்த்திருக்கிறான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"உளிய எப்டி புடிச்சிக்கினு கீறான் பாருண்ணா. நம்ம ஷாப்ல இப்டி புடிச்சா சூப்பர்வைசர் வெளிய தள்ளிடுவாரு. இவன்லாம் கடையறான்." பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு எரிச்சலைப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அப்போ நீ கடையேன்" என்றாள் செண்பகம், கதிர் உரித்துக்கொண்டே. "கட்டைக்கா பஞ்சம்? தெனம் மூட்டையா குப்பையில கொட்றேன்."

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு சின்ன லேத் இருந்தது. ஓய்வு நாளில் சில்லறை வேலை செய்யலாம் என்று விபத்துக்கு முன்னால் பழசாக வாங்கிப் போட்டது. அதன் மேல் இப்போது துணி காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் துணி கொடிக்குப் போயிருந்தது.

முதலில் செண்பகத்தின் வண்டியில் மிஞ்சிய கட்டைகளைத்தான் எடுத்தான். வேகவைத்த கட்டை, உப்பு ஏறியது. வெயிலில் போட்டால் மேலே காய்ந்தது, உள்ளே புளித்து நாறியது. என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு மேலாகச் சண்டைக்குப் போனாள். கடைசியில் நான்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் போய், கோழித்தீவனத்துக்கு விளைவிக்கிற முற்றல் சோளத்தின் கட்டை ஒரு மூட்டை கொண்டுவந்தேன். செடியிலேயே காய்ந்தது. தட்டினால் டக்டக் என்று சத்தம் வந்தது.

வேலை இப்படி. கட்டையை விரல் நீளத்துக்கு அறுத்து, நடுவில் துளை போட்டு, பித்தளைக் குழாயைச் சொருக வேண்டும். பிறகு தண்ணீர் போல ஓடுகிற ஒரு பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கட்டை அதைக் குடித்துப் புகைந்து, கண்ணெல்லாம் எரியவைத்து, கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். பசை உள்ளே ஏறாத இடம் உமி மாதிரி வெறும் பொட்டு. உளி பட்டதும் தூள். ஏறிவிட்டால் இழைத்து இழைத்துக் கடையலாம். முத்து இருந்த குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும். பலாப்பழத்தின் தோலை மழமழப்பாக்கியது போல இருக்கும்.

எல்லாம் தயார் செய்து லேத்தில் மாட்டிவிட்டு, முதல் நாள் தானியேல் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றுவிட்டான். வேர்த்துக் கொட்டியது. செண்பகம் உள்ளே போய்ச் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் போடறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. சத்தம் ஒரே சீரா வந்ததும் வா."

அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "போடு" என்றான்.

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. மெஷின் கிளம்புகிற அந்த முதல் சத்தம்தான் அவனுக்கு ஆகாது. ஓட ஆரம்பித்துவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு வந்து நிற்பான். நிறுத்துவதை அவனே செய்வான். ஒரு பேனாவுக்குப் பத்துப் பதினைந்து தடவை நிறுத்திப் போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் "போடு" என்பான், அவள் போடுவாள். அதற்காகக் காலை வியாபாரத்தை விட்டுவிட்டாள். விட்டால் இரண்டு வேளையும் விட்டிருப்பாள். ஆனால் மாலையில் கதிர் விற்றால்தான் மறுநாள் அடுப்பு எரியும்.

"பேஜாரா இல்லியாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னா பேஜாரு? காத்தால எல்லாரும் நாஷ்டா துன்னுட்டு வரானுங்க, கதிரு எவன் வாங்கறான்" என்று பொய் சொன்னாள்.

முதல் ஆறேழு கட்டைகள் வெடித்துச் சிதறின. தானியேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிரித்தான். "இரும்புன்னா அது நம்மள ஒடைக்கும்ணா. இது பாரு, கோச்சிக்கினா தானே ஒடஞ்சிக்குது. எனக்கு ஒண்ணும் ஆவல." தை பிறப்பதற்குள் ஒரு முழுப் பேனா வந்துவிட்டது. கிளிப்பும் மூக்கும் ரீஃபிலும் சென்னை பாரிஸ் கார்னரில் வாங்கிப் பொருத்தினான். அதை அளந்து பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. சட்டைப்பையில் குத்திக்கொண்டு தெருவில் ஒரு நடை போய் வந்தேன்.

அந்தப் பேனாவை அவர்கள் சபை போதகர் இம்மானுவேல் ஐயா பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ஞாயிறு அவர்கள் கோயிலில் ஒரு ஜெபம் உண்டு. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை முன்னால் வரச்சொல்லி, ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் பலிபீடத்தில் வைத்து ஜெபித்துக் கொடுப்பார்கள். பேனாவைச் சபையே வாங்கும்.

"கடைப் பேனாவ ஒவ்வொரு வருஷமும் குடுக்கறோம். இந்த வருஷம் நீ செய், தானியேல். பதினெட்டுப் பிள்ளைங்க, இன்னும் மூணு வாரம் இருக்கு" என்றார் ஐயா.

தானியேல் அன்று சாயந்திரம் மீசையை ஒதுக்கிக்கொண்டான். மாசி வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கட்டைகளைத் தகரத்தின் மேல் காயப்போட்டு, அறுத்து, துளை போட்டு, முப்பது துண்டு தயார் செய்தான்.

புதன்கிழமை எனக்கு வார விடுப்பு. உதவி செய்கிறேன் பேர்வழி என்று வெர்னியரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முப்பதையும் அளந்தேன். துளை பெரிதாகிவிட்ட ஒன்பது துண்டை ஆகாது என்று ஒரு சாக்கில் போட்டேன். மீதி இருபத்தொன்றைத் துடைத்துத் தட்டில் வரிசையாக அடுக்கினேன்.

"ஒரு நூலு பெருசுக்கு ஏண்ணா தூக்கிப் போட்ற? சோளக்கட்டைணா இது, ராக்கெட்டு பார்ட்டு இல்ல" என்றான் தானியேல்.

"ஆகாதுன்னா ஆகாது."

செண்பகம் தட்டை எட்டிப் பார்த்தாள். "நீங்க தொட்டதும் நல்லா கலரு வந்துடுச்சிண்ணா, தேன் மாதிரி" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை அவன் கடைந்த முதல் துண்டு பாதியில் உரிந்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மேலே பளபளவென்று ஓடு மாதிரி இருக்கிறது, உளி வைத்தால் ஓடு சில்லாகப் பெயர்கிறது, உள்ளே பொட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதினோரு துண்டு போய்விட்டது. நான் ஷிப்ட் முடிந்து போனபோது தரையெல்லாம் சோளத்தூள். தானியேல் ஸ்டூலில் உட்கார்ந்து தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா ஆச்சி? அதே கட்டை, அதே பசை, அதே உளி. நீ பாரு, நீதான் பாப்ப."

உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிய்ந்த இடம் மேலும் கீழுமாக இருந்தது. நான் யார், இருபத்தாறு வருஷ இன்ஸ்பெக்டர். தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

"உளி ஆடுதுப்பா" என்றேன். "கை ஆடுது."

அவன் தலையை ஆட்டினான். எதிர்பார்த்த பதில் கிடைத்தவன் போல எழுந்து போய்க் கை கழுவினான். அங்கேயே நின்று போன் செய்தான். தேர்வாய் கண்டிகை கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற லோகு ஏற்கெனவே வாட்ச்மேன் வேலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம், திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்றான் தானியேல். அடுத்து, பழைய மெஷின் வாங்குகிற விமலுக்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு டெம்போ கொண்டுவா என்றான். பிறகு ஐயாவிடம் சொல்லிவிடு, கடைப் பேனாவே வாங்கிக்கொள்ளட்டும் என்று செண்பகத்திடம் சொன்னான்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் செண்பகம்.

"மெஷின வெச்சிக்கினு இன்னா பண்றது? தேசப்பண்ணாவே சொல்லிட்டாரு."

"வாட்ச்மேன் வேல ஒண்ணும் கேவலம் இல்லய்யா. எங்கப்பாரு பாத்தாரு, எங்கள வளத்தாரு. ஆனா அவரு விரும்பிப் போனாரு. நீ பயந்துக்கினு போற. பயந்துக்கினு போனா அங்கயும் பயம் கூடத்தான வரும்? கேட்டுல நிப்ப, உள்ள மெஷினு ஓடும், அப்போ எங்க ஓடுவ?"

முதல்முறையாக அந்த வார்த்தையை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போய்விட்டாள். நான் நடுவில் நின்றேன்.

சனிக்கிழமை காலை. கம்பெனியில் எனக்கு முன்னால் மேஜையில் புஷ் என்கிற இரும்பு வளையங்களின் குவியல். ஒன்றை எடுத்தேன், அளந்தேன், எண்ணெய்த் துணியால் துடைத்துத் தட்டில் வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன், அளந்தேன், துடைத்தேன். விரல் பட்ட இடத்தில் வேர்வை தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். அதனால் ஆகும் என்று வைக்கிற ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாகச் செய்வது. செய்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் கை செய்யும். வலது கை அளக்கும், இடது கை துடைக்கும்.

நாலாவது புஷ்ஷைத் துடைக்கும்போது என் இடது கையை நானே பார்த்தேன்.

ஐயோ கடவுளே. புதன்கிழமை என் பைக்குள் வெர்னியரோடு அந்த எண்ணெய்த் துணியும்தான் இருந்தது. தேன் கலர் என்று அவள் சொன்னது எண்ணெய். காய்ந்த சோளக்கட்டை எண்ணெயைக் குடித்து வயிறு நிரம்பியிருக்கிறது. அப்புறம் பசை எங்கே ஏறும்? வாசனை தெரிந்திருக்க வேண்டாமா என்றால், எனக்கும் தானியேலுக்கும் மெஷின் எண்ணெய் ஒரு வாசனையே இல்லை. எங்கள் சட்டை, தலையணை, டிபன் டப்பா எல்லாம் அந்த வாசனைதான்.

இருபத்தொன்றும் நான் கெடுத்தவை. கெடுத்ததும் இல்லாமல், கை ஆடுது என்று வேறு தீர்ப்புச் சொன்னேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சொல்லாமலே விட்டுவிட்டு, புதுக் கட்டை எடுத்துச் செய்துபார் என்று மட்டும் சொன்னால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

தானியேல் கொட்டகையில் லேத்தின் உளிகளைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தான். செண்பகம் அன்றைக்குச் சீக்கிரமே வண்டியோடு எஸ்டேட் வாசலுக்குப் போயிருந்தாள்.

"தானியேலு, உன் கை ஆடலப்பா" என்றேன். "நான் எண்ணெத் துணியால தொடச்சிட்டேன்."

"இன்னா?"

"அளந்ததுக்கு அப்புறம் எண்ணெ. கம்பெனில தொடைக்கற மாதிரி. பழக்கத்துல."

அவன் கட்டுவதை நிறுத்தினான். தட்டில் மீதி இருந்த துண்டு ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தான். நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"மூணு நாளாண்ணா" என்றான். "மூணு நாளா இந்தக் கையப் பாத்துக்கினு உக்காந்துக்கினு கீறேன். தூங்கலண்ணா. இது இன்னுமா நம்ம கைன்னு. நீ வேற வந்து, ஆடுதுன்னு..."

"தப்புதாம்பா. நான் வேணா—"

"நீ ஒண்ணும் வேணா!" கத்திவிட்டான். பக்கத்தில் என் வீட்டு நாய் குரைத்தது.

மூலையில் இருந்த சாக்கைக் காலால் இழுத்தான். ஆகாது என்று நான் தள்ளிய ஒன்பது துண்டு. ஆகாததற்கு நான் எண்ணெய் தடவுவதில்லை. வைக்கோல் மாதிரி வெளுத்து, காய்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்தான். பித்தளைக் குழாயில் காகிதத்தைச் சுற்றிப் பெரிய துளைக்குள் இறுக்கிச் சொருகினான். பசையைச் சொட்டினான். புகை கிளம்பியது, இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்தது. கட்டை மடமடவென்று குடித்தது. நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு லேத்தில் மாட்டினான்.

செண்பகம் இல்லை. நான் சுவிட்சு பக்கம் கையை நீட்டினேன். "நான் போடறேன், நீ திரும்பிக்—"

"தொடாத! எதயும் தொடாத நீ! தொட்டதெல்லாம் போதும்!" என் தோளைப் பிடித்துத் தள்ளி, கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, தகரக் கதவை என் முகத்துக்கு நேராகச் சாத்தினான்.

வெயிலில் நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே போனது. கதவைத் தட்டலாமா என்று கையைத் தூக்கினேன், தொடாதே என்று சொன்னது ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டேன். அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது என்று நினைக்கிறேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

மோட்டார் கிளம்பியது.

கிளம்பி, ஏறி, சீராக ஓடியது. உளி பட்டு இழைகிற சத்தம் வந்தது. தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் மாவு தேய்ப்பது போல ஒரே மாதிரி. உடைகிற சத்தம் வரவில்லை.

விமலின் டெம்போ நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவனை வாயில் விரல் வைத்து அடக்கி நிழலில் நிறுத்தினேன். அதே நேரத்தில் செண்பகம் தெருமுனையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள். மெஷின் எடுக்க வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று பாதி வியாபாரத்தில் வந்திருப்பாள் போலிருக்கிறது. சத்தம் கேட்டதும் வண்டி நின்றது. என்னைப் பார்த்தாள். டெம்போ பக்கத்தில் விமலைப் பார்த்தாள். எங்கள் வீட்டு வாசலில் என் மனைவியைப் பார்த்தாள். வேறு ஆளே இல்லை.

கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள். "யாருண்ணா சுச்சு போட்டது?"

"அவன்தான்."

"நீங்க போடலியே? மெய்யா?"

"என்ன அவன் உள்ளயே உடலமா. நான் பண்ணது அப்டி." எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்து கழுத்து வரை போனது, துடைக்கவில்லை.

உள்ளே மோட்டார் நின்றது.

விமல் ஒரு அடி எடுத்து வைத்தான். "அக்கா, மெஷின ஏத்தலாமா? எனக்கு திருநின்றவூர்ல இன்னொரு எடம் கீது."

"இருப்பா" என்றாள் செண்பகம். பிறகு என்னிடம், "ஒரு வாட்டி கோவத்துல போட்ருப்பாருண்ணா. கோவம் வந்தா எல்லாரும்தான் போடுவாங்க. இன்னொரு வாட்டி போடறாரான்னு பாக்கலாம்."

நின்றோம், மூன்று பேரும். டபராவில் கதிர் வெந்த ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே அவன் நடக்கிற சத்தம், எதையோ தேய்க்கிற சத்தம், இருமல். செண்பகம் தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "போடு" என்று அவன் கூப்பிட்டுவிடக்கூடாதே என்று எனக்குப் பதறியது.

அவன் கூப்பிடவில்லை. மோட்டார் கிளம்பியது.

செண்பகம் டபரா மூடியைத் திறந்து, இருப்பதில் பெரிய கதிராகப் பார்த்து எடுத்து, உப்பும் தூளும் தடவி, எலுமிச்சையை நன்றாகத் தேய்த்து விமலிடம் நீட்டினாள்.

"மெஷினு விக்கறதுக்கு இல்லப்பா" என்றாள். "வந்ததுக்கு இத்த துன்னுட்டுப் போ."